அம்மா வீடா, சகி மையமா, அதே வீடா?

அடிக்கிற கணவனோடு வாழும் பெண்ணுக்கு நம் ஊரில் கிடைக்கும் அறிவுரை இரண்டே வகை. பெரியவர்கள் "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்பார்கள். சிநேகிதிகள் "இன்னுமா அங்கே இருக்கே, இன்னைக்கே கிளம்பு" என்பார்கள். இரண்டாவது துணிச்சலான பேச்சுதான். ஆனால் கிளம்பும் நாளும் அதை ஒட்டிய வாரங்களும்தான் உயிருக்கு அதிக ஆபத்தான காலம். பிடி நழுவுகிறது என்று தெரிந்ததும் அவன் இன்னும் மூர்க்கமாவான். ஆகவே எங்கே போவது, எதை முதலில் செய்வது என்ற கணக்கைப் போட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அம்மா வீடு. வாடகை இல்லை, பிள்ளைகளுக்குப் பழகிய இடம், அழுதால் மடியில் சாய்த்துக்கொள்ள ஆள் உண்டு. ஒரே குறை, அவனுக்கு வழி தெரியும். தலைதீபாவளிக்கு வந்து விருந்து சாப்பிட்ட வீடு அது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வாசலில் நின்று கத்தினால் தெருவே கூடும். மூன்றாம் நாள் அப்பாவே, "பெரியவங்களை வெச்சுப் பேசி அனுப்பிடலாமா" என்று ஆரம்பிப்பார். அடி எப்போதாவது, மிரட்டல் வாயளவில் என்றால் அம்மா வீடு போதலாம். கழுத்தை நெரித்திருக்கிறான், கத்தியைக் காட்டியிருக்கிறான், "போனா கொன்னுடுவேன்" என்றிருக்கிறான் என்றால் போதாது. அவன் ஒருமுறைகூட வந்திராத ஒரு சித்தி வீடோ, பள்ளித் தோழி வீடோ அதைவிட மேல். கழுத்தை நெரித்திருந்தால் வெளியில் தடம் தெரியாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். உள்வீக்கம் பிறகுதான் வேலையைக் காட்டும்.

அடுத்தது சகி மையம். அரசு ஏடுகளில் ஒருங்கிணைந்த சேவை மையம். 2015இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம். 181 என்ற எண்ணை அழைத்தால் வழி சொல்வார்கள். மருத்துவம், ஆற்றுப்படுத்துதல், போலீஸ், வக்கீல் என்று நாலு இடம் அலைய வேண்டியதை ஒரே கூரைக்குக் கீழ் கொண்டுவருவதுதான் ஏற்பாடு. முன்பின் தெரியாதவர்களோடு தங்குவது கஷ்டம்தான். ஆனால் அவன் பாட்டுக்கு உள்ளே நுழைந்துவிட முடியாது. குறை என்னவென்றால், தங்குவது சாதாரணமாக ஐந்து நாள் வரைதான். அதற்குப் பிறகு நீண்ட காலம் தங்கும் இல்லத்துக்கு அனுப்புவார்கள். வளர்ந்த ஆண் பிள்ளையை உங்களோடு தங்கவைக்க முடியாமல் போகலாம். வயது வரம்பை முன்னாலேயே 181இல் கேட்டுக்கொள்ளுங்கள். அழைத்ததும் கால் லாகிலிருந்து அந்த எண்ணை அழித்துவிடுங்கள், அல்லது வேறொருவர் போனிலிருந்து பேசுங்கள்.

மூன்றாவது, பலர் ஒரு வழி என்றே நினைக்காதது: அதே வீட்டிலேயே இருப்பது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005, வீடு யார் பெயரில் இருந்தாலும் அங்கே வசிக்கும் உரிமையை மனைவிக்குத் தருகிறது. மாமனார் பெயரில் உள்ள வீடாக இருந்தாலும் இந்த உரிமையைக் கேட்கலாம் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவனை வீட்டை விட்டு வெளியேறச் சொல்லக்கூட மாஜிஸ்திரேட்டால் முடியும். மாமியாரை வெளியேறச் சொல்ல முடியாது. பெண்கள்மீது அந்த உத்தரவு போடச் சட்டத்தில் இடமில்லை. காகிதத்தில் நல்ல வழிதான். ஆனால் உத்தரவு கதவில் தொங்கும் பூட்டு ஆகாது. உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை உண்டு என்பதற்குப் பயப்படுகிற ஆளாக அவன் இருந்தால் இது வேலை செய்யும். குடித்துவிட்டு எதற்கும் துணிகிறவன் என்றால் நான் இதைச் சொல்ல மாட்டேன்.

இன்னும் சில மாதம் அங்கேதான் இருந்தாக வேண்டும் என்றால், சண்டை தொடங்கும்போது சமையலறைக்குள் போகாதீர்கள். அரிவாள்மனையும் அடுப்பும் இருக்கிற இடம். பாத்ரூமும் வேண்டாம், வேறு வாசல் கிடையாது. பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு குறிப்புச் சொல் பேசி வையுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் வைத்திருந்தது "உறை மோர் இருக்கா அக்கா?" பிள்ளை ஓடிவந்து அதைக் கேட்டால் அந்த அக்கா அவசர உதவி எண் 112ஐ அழைக்க வேண்டும். இரண்டு முறை அழைத்திருக்கிறார்.

சரி, புகார் என்றால் மகளிர் காவல் நிலையமா, மாவட்டப் பாதுகாப்பு அலுவலரா? இங்கேதான் வரிசை முக்கியம். ஸ்டேஷனில் மனு கொடுத்தால் பெரும்பாலும் முதலில் நடப்பது, அவனுக்கு ஒரு போன் போவது: "உன் மனைவி புகார் குடுத்திருக்காங்க, விசாரணைக்கு வா." அந்த போன் வரும்போது நீங்கள் அதே வீட்டில் இருக்கக் கூடாது. இருக்கிற இடத்தை மாற்றிவிட்டு மனு கொடுங்கள். கொடுத்ததும் சிஎஸ்ஆர் ரசீது, அதாவது மனுவை வாங்கிக்கொண்டதற்கான ரசீது, கேட்டு வாங்குங்கள். கொடுமைக்கான குற்றப் பிரிவு பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 498ஏ; 2024 ஜூலை 1 முதல் நடந்த சம்பவங்களுக்கு அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆவது பிரிவு. மூன்றாண்டு வரை தண்டனை. அவன்மீது வழக்காகும், உங்களுக்கு வீடோ செலவுக்குப் பணமோ அதில் வராது.

பாதுகாப்பு அலுவலர் வழி வேறு. மேலே சொன்ன 2005 சட்டப்படி நியமிக்கப்படும் அலுவலர் இவர்; தமிழ்நாட்டில் சமூக நலத்துறையின் கீழ் மாவட்டந்தோறும் இருக்கிறார். அவர் அறிக்கை எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். பாதுகாப்பு உத்தரவு, வசிக்கும் உரிமை, செலவுக்குப் பணம், பிள்ளைகளைத் தற்காலிகமாக உங்களிடம் வைத்துக்கொள்வது எல்லாம் ஒரே மனுவில் கேட்கலாம். அவசரம் என்றால் அவன் வருவதற்கு முன்பே இடைக்கால உத்தரவு போடவும் சட்டத்தில் இடமுண்டு. இப்போது தங்கியிருக்கும் ஊரின் நீதிமன்றத்திலேயே போடலாம். 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். வாய்தா வேறு மாதிரி நகரும், அதையும் எதிர்பாருங்கள். பெண்ணுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, எண் 15100. இரண்டில் ஒன்றைத்தான் தேர வேண்டும் என்றில்லை. ஆனால் ஒன்றோடு தொடங்குவதானால் நான் பாதுகாப்பு அலுவலரோடு தொடங்குவேன். உயிருக்கே ஆபத்து என்ற நிமிடத்தில் 112, அதில் யோசனையே வேண்டாம்.

எந்த வழியானாலும் அரசு ஆஸ்பத்திரியில் டூட்டி டாக்டர் "எப்படி ஆச்சு?" என்று கேட்பார். "பாத்ரூம்ல வழுக்கிட்டேன்" என்று சொன்னால் ஏஆர் ரிஜிஸ்டரில் (விபத்துப் பதிவேட்டில்) அதுவே ஏறும். இரண்டு வருஷம் கழித்து எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் படித்துக் காட்டுவார். அவன் பக்கத்தில் நின்றால் வாயைத் திறக்க முடியாது, தெரியும். நர்ஸிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள்.

அப்புறம் போன். ஆதாரோடு இணைத்த எண் அவனுடையதா என்று பாருங்கள். ஓடிபி எல்லாம் அங்கேதான் போகும். மகளிர் உரிமைத் தொகை வரும் கணக்கின் ஏடிஎம் கார்டு யார் பர்ஸில் இருக்கிறது? வாட்ஸ்அப் வேறு கம்ப்யூட்டரில் திறந்திருக்கிறதா? ஆனால் ஒன்று, இதையெல்லாம் கிளம்பும் முன்பே மாற்றினால் அவனுக்குச் சந்தேகம் வரும். வெளியே போன அன்று மாற்றுங்கள். பிள்ளைகளின் டிசிக்காகக் காத்திருக்க வேண்டாம். எட்டாம் வகுப்பு வரை, டிசி தாமதமாகிறது என்று புதுப் பள்ளி சேர்க்கை மறுக்கக் கூடாது.

உறை மோர் கேட்கச் சொல்லிவைத்திருந்த அந்தப் பெண், கிளம்பும்போது எடுத்துப்போக வேண்டிய பையைத் தையல் கடையில் வைத்திருந்தார். தைக்காத பிளவுஸ் பிட்டுகளுக்கு அடியில் ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல், கல்யாணப் பத்திரிகை, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், நகை அடகு ரசீது, இரண்டாயிரத்து நானூறு ரூபாய். எட்டு மாதம் அந்தப் பை அங்கேயே கிடந்தது. அவர் கிளம்பியது சண்டை நடந்த இரவில் இல்லை. சண்டையே இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றரைக்கு. பால்காரரிடம் நிறுத்தச் சொல்லவில்லை. கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. சோறு வடித்து, குழம்பு வைத்து, மூடிவிட்டுப் போனார். டவுன் பஸ்ஸில் டிக்கெட்டுக்குக்கூடக் காசு தேவைப்படவில்லை.