அரசு மருத்துவக் கல்லூரி தோல் ஓபி: ஆண்கள் கேட்கத் தயங்குவதை டாக்டர்களே கேட்கிறார்கள்

சொரியாசிஸ் (தோல் சிவந்து செதில் செதிலாக உதிரும் நோய்) உள்ள ஆண்கள், அதிலும் கல்யாணமானவர்கள், எங்கள் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் ஓபிக்கு ஒருமுறை போய்க் காட்டுங்கள். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருகிறேன்.

எனக்கு முழங்கையிலும் தலையிலும் பல வருடமாக இருக்கிறது. அப்புறம் அந்தரங்கப் பகுதியிலும் வந்தது. அங்கே அவ்வளவாகச் செதில் உதிராது. சிவந்து பளபளவென்று இருக்கும், எரியும். பார்த்தால் படர்தாமரை என்றே தோன்றும். ஒரு மருந்துக் கடையில் கொடுத்த டியூபில் பூஞ்சை மருந்தோடு குளோபெட்டசாலும் கலந்திருந்தது. வீரியமான ஸ்டீராய்டு அது. பூசினால் அடங்கும், விட்டால் மறுபடி கிளம்பும், நாளடைவில் அந்த இடத்துத் தோலே மெலிந்துபோகும். முன்பு பார்த்த தனியார் மருத்துவர்கள் முழங்கையைப் பார்த்து மருந்து எழுதினார்கள். வேறு எங்கேயாவது இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை.

இங்கே முதலில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். பத்துக் கேள்விகள். தோல் நோய் அன்றாட வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்று அளப்பதற்காக 1994இல் பிரிட்டனின் கார்டிஃப் நகரில் உருவாக்கிய படிவம், பல நாடுகளில் பயன்படுகிறது. ஒன்பதாவது கேள்வி, கடந்த வாரம் தோலினால் தாம்பத்தியத்தில் சிரமம் இருந்ததா என்பது. ‘மிக அதிகம்’ என்று குறித்தேன். அதைப் படித்த டாக்டரம்மா குரலைத் தாழ்த்தி, “சேர்ந்து இருக்கும்போது எரியுதா சார், இல்ல விறைப்பே சரியா வரலையா? ரெண்டுக்கும் வைத்தியம் வேற, அதான் கேக்கறேன்” என்றார். இரண்டும்தான் என்றேன். இத்தனை வருடத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது.

அவர் விளக்கியது எல்லா ஆண்களுக்கும் தெரியவேண்டியது. சொரியாசிஸ் தோலோடு நிற்கிற நோய் இல்லை; உடம்புக்குள் ஓடும் அழற்சி இரத்தக் குழாய்களையும் பாதிக்கலாம். ஆணுறுப்பின் குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிடச் சிறியவை, அதனால் அடைப்பின் முதல் அறிகுறி அங்கேயே தெரியலாம். உடனே பிரஷர், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் பார்க்கச் சொன்னார். நான் சாப்பிடும் பிரஷர் மாத்திரை அட்டையையும் வாங்கிப் பார்த்தார். பீட்டா பிளாக்கர் வகை. அது சிலருக்குச் சொரியாசிஸைக் கிளப்பும், விறைப்பையும் குறைக்கக்கூடும். “நீங்களா நிறுத்திடாதீங்க, அது ஆபத்து” என்று சொல்லிவிட்டு, வேறு மாத்திரைக்கு மாற்ற முடியுமா என்று பொது மருத்துவப் பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். மாற்றினார்கள்.

அந்தரங்கப் பகுதிக்கு டாக்ரோலிமஸ் களிம்பு. வெளியே வாங்கவேண்டியிருந்தது. முதலில் கொஞ்சம் எரிச்சல் தரும், பயப்படவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள், அப்படியேதான் இருந்தது. உறவுக்கு முன் களிம்பைக் கழுவிவிட வேண்டும், தோல் வெடித்திருந்தால் அன்றைக்கு வேண்டாம், உரசல் பட்ட இடத்தில் புதிதாகக் கிளம்பும் நோய் என்பதால் இறுக்கமான ஜட்டி கூடாது. நாள் முழுக்க பைக்கில் சுற்றுகிற வசூல் வேலை எனக்கு, இந்தக் கடைசி அறிவுரையே பாதி நிவாரணம். சொரியாசிஸுக்கு மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து எடுப்பவர்களிடம், குழந்தை பெற நினைத்தால் முன்னாலேயே சொல்லுங்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்வதையும் கேட்டேன்.

அடுத்த முறை மனைவியையும் கூட்டிவரச் சொன்னார்கள். இது தொற்றாது, உங்களுக்கு வராது என்று டாக்டர் வாயால் கேட்டபிறகுதான் அவள் முகம் தெளிந்தது. நான் எத்தனை தடவை சொல்லியும் வராத தெளிவு அது. எரிச்சல் இப்போது பெரும்பாலும் இல்லை. விறைப்பு முழுதும் சரியாகவில்லை, ஆனால் தேறியிருக்கிறது.

ஒரு நட்சத்திரத்தைக் குறைத்தது மறைப்பு போதாததற்காக. பரிசோதனை அறையில் திரைச்சீலை பாதிதான் மூடுகிறது, பக்கத்திலேயே மாணவர்கள் நிற்கிறார்கள். ‘அவர்களை வெளியே அனுப்ப முடியுமா’ என்று கேட்டால் அனுப்பிவிடுகிறார்கள், ஆனால் கேட்கிற தைரியம் எல்லோருக்கும் வராது. நிர்வாகம் இதைச் சரிசெய்தே ஆகவேண்டும்.

போகிறவர்கள் காலை எட்டு மணிக்குள் சீட்டு வாங்கிவிடுங்கள். இதுவரை பூசிய டியூப்கள், சாப்பிடும் மாத்திரை அட்டைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பேருந்து நிலையச் சுவரில் ஆண்மைக்குறைவு விளம்பரம் பார்த்து லாட்ஜ் வைத்தியரிடம் பணம் கட்டுவதற்கு முன்னால் இங்கே வந்துவிடுங்கள்.