ஜெட்சன் நானோ வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்: எனக்கு 19,500 ரூபாய் போச்சு

ஜெட்சன் நானோ என்பது கேமரா படத்தை ஏஐ வைத்து அலசப் பயன்படும், என்விடியாவின் சின்னக் கம்ப்யூட்டர் போர்டு. அதை எனக்கு விற்ற ஆள் நேற்று ராத்திரி என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். கோபம் ஆறட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் இன்னொருவர் மாட்டிக்கொள்வார், அதனால் இப்போதே எழுதுகிறேன்.

திருப்பூரில் ஒரு சின்ன நிட்டிங் யூனிட்டின் துணி செக்கிங் மெஷினில் கேமரா வைத்து ஓட்டை, நீடில் லைன் (ஊசியால் விழும் கோடு), எண்ணெய்க் கறை பிடிக்கும் வேலையை எடுத்திருந்தேன். துணியின் இரண்டு பக்கத்துக்கும் ஒவ்வொரு கேமரா. ஜெட்சன் நானோ டெவலப்பர் கிட்டில் (சிப் உள்ள மாட்யூலும் அதைச் செருகும் அடிப் போர்டும் சேர்ந்த செட்) பழைய ஏ02 வெர்ஷன் போர்டுக்கு ஒரே கேமரா போர்ட்தான், பி01-க்குத்தான் இரண்டு. பல பேர் கடை போட்டிருக்கும் ஒரு ஆன்லைன் விற்பனைத் தளத்தில் பி01 இருந்தது. விலை 19,500.

வாங்குமுன் விற்பவருக்குப் போன் செய்தேன். "என்ன கேமரா சார், ஐஎம்எக்ஸ்219-ஆ? டிரைவர் தனியா போட வேண்டாம், ஜெட்பேக்லயே இருக்கு" என்றார். ஐஎம்எக்ஸ்219 கேமராவின் சென்சார், ஜெட்பேக் இந்தப் போர்டுக்கு என்விடியா தரும் சிஸ்டம் சாஃப்ட்வேர். சரியான பதில். தொழில் தெரிந்தவர் என்று நம்பியது அந்த நிமிஷத்தில்தான். "எஸ்டி கார்டுல பூட் ஆகும்ல?" என்றேன். "ஒரிஜினல் டெவலப்பர் கிட் சார், கண்ணை மூடிட்டு வாங்குங்க. தளத்துல போட்டா கமிஷன் போயிடும், எனக்கே யுபிஐ பண்ணிடுங்க, ஃபேன் ஒண்ணு ஃப்ரீயா வைக்கிறேன்." 19,500-ஐயும் அனுப்பினேன்.

போர்டு வந்தது. கார்டில் ஜெட்பேக் 4.6 எழுதிப் போட்டேன். லைட் எரிந்தது, திரை கறுப்பாகவே இருந்தது. மூன்று கார்டு மாற்றியும் அதே கதை. அப்புறம்தான் மாட்யூல் ஸ்டிக்கரைப் பார்த்தேன்: 3448-0002. டெவலப்பர் கிட் மாட்யூல் என்றால் 3448-0000 இருக்க வேண்டும், எஸ்டி ஸ்லாட்டும் மாட்யூலிலேயே இருக்கும். வந்தது எஸ்டி ஸ்லாட் இல்லாமல், 16 ஜிபி இஎம்எம்சி மெமரி பதித்த வேறு மாட்யூல், அடியில் பேர் தெரியாத போர்டு. தெரிந்து வாங்குபவருக்கு அது நல்ல மாட்யூல்தான். ஆனால் நான் காசு கொடுத்தது அதற்கில்லை.

உபுண்டு மெஷினில் கேபிள் மாட்டி, ரிக்கவரி பின்னை ஷார்ட் செய்து, இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஃபிளாஷ் செய்தேன், அதாவது சிஸ்டத்தை நேராக அந்த மெமரியில் ஏற்றினேன். ஜெட்பேக்கோடு கூடா (CUDA), டென்சர்ஆர்டி (TensorRT) என்ற ஏஐ சாஃப்ட்வேர் எல்லாம் ஏறியதும் 16 ஜிபியில் படம் சேமிக்க இடமே இல்லை. கேமராவிலும் முதல் போர்ட் மட்டும் வேலை செய்தது. கேமராவையும் ரிப்பனையும் மாற்றி மாற்றிப் போட்டேன், இரண்டாவது போர்ட் செத்தே கிடந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் கனெக்டரை யாரோ கழற்றி மறுபடி சால்டர் செய்த தடம்.

போன் செய்தால் முதல் நாள் "கார்டு மாத்திப் பாருங்க". மறுநாள் "பவர் பத்தலை, 5 வோல்ட் 4 ஆம்ப் போடுங்க". அதுதான் போட்டிருக்கிறேன்! ஸ்டிக்கர் போட்டோ அனுப்பினேன், "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்றார். கடைசியில் "நீங்க ஃபிளாஷ் பண்ணிட்டீங்கல்ல, இனி வாரண்டி கிடையாது" என்றார். பூட்டே ஆகாத போர்டை வேறு என்ன செய்வது? தளத்தில் புகார் கொடுத்தால், பணம் எங்கள் வழியாக வரவில்லை என்று ஒரே வரி. யூனிட்காரர் வேறு தினமும் கேட்கிறார்.

விவரமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. மாட்யூல் ஸ்டிக்கர் போட்டோ வாங்காமல் பணம் அனுப்பாதீர்கள். இரண்டு போர்ட்டிலும் கேமரா ஓடும் வீடியோ கேளுங்கள். தளத்துக்கு வெளியே யுபிஐ வேண்டவே வேண்டாம். பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிடுங்கள், நான் நாலு நாள் அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டேன்.