மூன்று ஆண்டுகளாக சப்மிட்50: குடியாத்தத்திலிருந்து ஓர் அனுபவம்

ஹார்வர்டு பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாக நடத்தும் சிஎஸ்50 என்ற கணினி அறிவியல் அறிமுகப் பாடத்தில் 2022இல் சேர்ந்தேன். அதை முடித்ததும் பைத்தான் பாடம், பிறகு செயற்கை நுண்ணறிவுப் பாடம். மூன்றிலும் நிரல் எழுதும் பயிற்சிக் கணக்குகளை சப்மிட்50 என்ற, கட்டளை தட்டி இயக்கும் கருவி வழியாகவே ஒப்படைத்தேன். வேலை காட்பாடியில், வீடு குடியாத்தத்தில். படிப்பெல்லாம் இரவில்தான்.

நான் படித்த கல்லூரியில் நிரலை ரெக்கார்டு நோட்டில் கையால் எழுதிக் கையெழுத்து வாங்குவோம். ஓர் அரைப்புள்ளி விட்டுப்போயிருந்தாலும் யாருக்கும் தெரியாது. அந்த நிரலை எவரும் ஓட்டிப் பார்க்கப் போவதில்லை. அந்தப் பழக்கத்தோடு வந்த எனக்கு இந்தக் கருவியின் கண்டிப்பு புதிது.

டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டும் சாளரத்தில், நிரல் இருக்கும் ஃபோல்டருக்குள் போய், சப்மிட்50 என்று தட்டி, பயிற்சிக் கணக்கின் முகவரியைக் கொடுக்க வேண்டும். வேறு ஃபோல்டரில் நின்று தட்டினால், தேவையான கோப்பு இல்லை என்று நிறுத்திவிடும். எல்லாம் சரியாக இருந்தாலும் உடனே அனுப்பாது. எந்தெந்தக் கோப்புகள் போகின்றன என்று வரிசையாகக் காட்டும். பிறகு பாடத்தின் நேர்மை விதியை நினைவூட்டி, இவற்றை நிச்சயமாக அனுப்பலாமா என்று கேட்கும்.

அந்தக் கேள்வி ஒருமுறை என்னைத் தடுத்தது. டைட்மேன் என்ற தேர்தல் கணக்கு: வேட்பாளர்களை இருவர் இருவராக ஒப்பிட்டு, வென்றவரிடமிருந்து தோற்றவருக்கு அம்புக்குறி போட்டு, அம்புகள் வட்டமாகச் சுழன்றுவிடாமல் வெற்றியாளரைக் காண வேண்டும். நிரலைச் சோதித்துச் சரியானதைப் பச்சையிலும் தவறைச் சிவப்பிலும் காட்டும் செக்50 என்ற துணைக்கருவியில் மற்ற வரிகளெல்லாம் பச்சை. சுழற்சியை உண்டாக்கும் நடு இணையைத் தவிர்க்க வேண்டும் என்ற ஒரு வரி மட்டும் சிவப்பு. அலுத்துப்போய் வேறொருவர் எழுதிய பகுதியை எடுத்து ஒட்டி, அனுப்பவும் தயாராகிவிட்டேன். நேர்மை பற்றிய கேள்வி திரையில் வந்து நின்றது. 'நோ' என்று தட்டி, ஒட்டியதை அழித்தேன். ஒன்பது இரவுகள் தாளில் அம்புக்குறிகளை வரைந்து பார்த்த பிறகே அந்தச் சிவப்பு பச்சையானது. இந்த மூன்று ஆண்டுகளில் நான் உண்மையாகக் கற்றது அந்த ஒன்பது இரவுகளில்தான்.

கோப்புகள் சில கிலோபைட்டுகளே என்பதால் கைப்பேசி ஹாட்ஸ்பாட் போதும். லத்தேரி தாண்டி ரயிலில் உட்கார்ந்தபடியே அனுப்பியிருக்கிறேன். உள்ளே ஓடுவது கிட் என்ற, கோப்புகளின் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் மென்பொருள். 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கியது. ஒவ்வொரு ஒப்படைப்பும் அந்தப் பதிவுகளை இணையத்தில் சேமிக்கும் கிட்ஹப் தளத்தில் தனிப் பதிவாக நிற்கிறது. 2022இல் நான் எழுதிய மாரியோ என்ற பயிற்சிக் கணக்கை இப்போதும் திறந்து, எத்தனை தேவையற்ற வரிகள் எழுதியிருக்கிறேன் என்று பார்க்க முடிகிறது.

புதிதாக வருபவர்கள் தடுமாறும் இடம் உள்நுழைவு. 2021 ஆகஸ்டு முதல் கிட்ஹப் இதற்குக் கடவுச்சொல்லை ஏற்பதில்லை; கடவுச்சொல்லுக்குப் பதிலாகத் தளம் உருவாக்கித் தரும் டோக்கன் என்ற நீண்ட குறியீடோ, நம் கணினியில் உருவாக்கி வைக்கும் எஸ்எஸ்எச் சாவி என்ற கோப்போ வேண்டும். அது தெரியாமல் ஒரு மாலை முழுவதும் கடவுச்சொல்லையே மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டிருந்தேன். விண்டோஸ் வைத்திருப்பவர்கள், அதற்குள்ளேயே லினக்ஸை ஓட்ட உதவும் டபிள்யுஎஸ்எல் நிறுவிக்கொள்வது நல்லது. கருவி காட்டும் செய்திகள் தமிழில் வராதது உண்மையான குறை.

பக்கத்து வீட்டில் டிப்ளமோ படிக்கும் தம்பிக்குச் சென்ற மாதம் இதை நிறுவிக் கொடுத்தேன். மறுநாள் மடிக்கணினியோடு வந்து, "அண்ணா, சிவப்பாகவே வருகிறது, அப்படியே அனுப்பிவிடட்டுமா?" என்றான். சிவப்பு வரியைத் தமிழில் எனக்குச் சொல்லச் சொன்னேன். பாதி சொல்லும்போதே தவறு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டான்.