கால் இஞ்ச் தையல்: ஃபுட்டா, டேப்பா, பென்சில் கோடா?

துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் ஒட்டுப் போர்வைக்காக இரண்டரை இஞ்ச் சதுரம் எட்டு. ஸ்கேல் வைத்து வெட்டியதுதான், வெட்டில் குறை இல்லை. வரிசையாகத் தைத்து முடித்தால் 16½ இஞ்ச் வரவேண்டும். என் முதல் ஒட்டுப் போர்வையின் முதல் வரிசை 15⅝ இஞ்ச்தான் வந்தது.

இஞ்சுக்கு 8 நூல் என்ற ஆசாரி கணக்கில் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். தையலுக்கு விடும் துணி கால் இஞ்ச், அதாவது 2 நூல். நான் விட்டது இரண்டரை நூல். ஒரு தையலில் இரண்டு துண்டுகள் சேர்வதால், அந்த அரை நூல் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு நூலைத் தின்றுவிடும். ஏழு தையலுக்கு ஏழு நூல். ரவிக்கையில் இந்தப் பிசகு பெரிதில்லை, உள்தையலைப் பிரித்து விட்டுவிடலாம். ஒட்டுப் போர்வையில் பக்கத்து வரிசையின் மூலை இந்த வரிசையின் மூலையோடு சேர்ந்தே ஆகவேண்டும்.

எங்கள் தெருவில் ஓர் அக்கா. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம் தைத்தவர். தோலில் ஊசி ஒருமுறை இறங்கினால் ஓட்டை ஓட்டைதான், பிரித்துத் தைத்தாலும் தெரியும். அந்தக் கண் அவருக்கு. நான் தைப்பதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னாத்துக்குமா ஊசியையே பாத்துனு கீற? அது எங்கயும் ஓடாது. துணி ஓரத்தப் பாரு."

கால் இஞ்ச் பிசகாமல் தைக்க எந்த வழியை எடைபோட்டாலும் நான் கேட்கும் கேள்வி இப்போது இதுதான்: ஊசிக்கு எவ்வளவு முன்னாலேயே துணி ஓரம் கோணுவதை இது எனக்குக் காட்டுகிறது?

முதலில் எல்லோரும் வாங்கச் சொல்வது கால் இஞ்ச் ஃபுட், அதாவது ஊசிக்குக் கீழே துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம். இதில் இரண்டு வகை. ஒன்றில் ஃபுட்டின் வலது ஓரமே அளவு. இன்னொன்றில் வலது பக்கம் சின்னச் சுவர் மாதிரி ஒரு தகடு இறங்கியிருக்கும், துணி அதில் உரசியபடி போகும். மாட்டினால் உடனே தைக்கலாம் என்பது பெரிய வசதி. ஆனால் அந்தத் தகடு நீளம் குறைவு. துணி கோணிப்போனது ஊசிக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிகிறது, அதற்குள் இரண்டு தையல் விழுந்திருக்கும். குடியாத்தம் லுங்கித் துணி மாதிரி மெல்லிசான காட்டனைத் தகட்டோடு சேர்த்து அழுத்தினால், ஓரம் மடிந்து மேலே ஏறிக்கொள்ளும். அப்போது வெளியே பார்க்க நேராகவும், உள்ளே 3 நூலாகவும் இருக்கும். ஊசிக்கு ஒற்றை ஓட்டை மட்டும் உள்ள ஃபுட்டில், ஊசி இடம் வலம் ஆடும் ஜிக்ஜாக் தையல் வைத்து மிதித்தால் ஊசி முறியும். கால் இஞ்ச் என்ற பெயரை நம்பி அளக்காமலும் விடாதீர்கள்.

அடுத்தது மாஸ்கிங் டேப். நான் இதன் பக்கம்தான். ஒரு காகிதத்தில் ஓரத்திலிருந்து 2 நூல் தள்ளிக் கூர்மையான பென்சிலால் கோடு போடுங்கள். மெஷினில் வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றி ஊசியை இறக்குங்கள். ஊசி கோட்டின் மேல் விழாமல், காகித ஓரம் இருக்கும் பக்கமாகக் கோட்டை ஒட்டி விழவேண்டும். துணியைப் பிரித்து இஸ்திரி போடும்போது மடிப்பும் நூலும் ஒரு மயிரிழை அளவைத் தின்னும், அதற்காகத்தான் இந்தக் குறைப்பு. ஃபுட்டை இறக்கி, காகிதம் முன்னும் பின்னும் கோணாமல் நிற்கிறதா என்று பார்த்து, அதன் வலது ஓரத்தை ஒட்டி டேப்பை ஒட்டுங்கள். அதன்மேல் இன்னும் ஆறேழு அடுக்கு. துணி இடித்துக்கொண்டு போக ஒரு கரை கிடைத்துவிடும். ஊசிக்கு முன்னால் மூன்று நான்கு இஞ்ச் நீளம் இருக்கட்டும், துணியை இழுக்கும் பல்லின் மேல் மட்டும் படக்கூடாது. அந்த மூன்று இஞ்ச் தான் ஆரம்பத்தில் தைப்பவர்களுக்குக் கிடைக்கும் அவகாசம். கோணல் ஊசிக்கு வந்துசேரும் முன் கை திருத்திவிடும்.

குறை உண்டு. பாபின் முன்பக்கம் மேலேயே மூடி போட்டு உட்காரும் மெஷின் என்றால், மூடியின் இணைப்பில் டேப்பை பிளேடால் அறுத்துவிட வேண்டும். வேலூர் மே மாத வெயிலில் பசை இளகி டேப் மெல்ல வலப்பக்கம் நகரும். நான் ஒரு மதியம் முழுக்கத் தைத்தது அப்படித்தான் வீணானது. வெயில் காலத்தில் தினமும் காகிதம் வைத்து ஒருமுறை சரிபாருங்கள்.

கறுப்புக் கால் மெஷின் வைத்திருப்பவர்கள் ஊசிக்கு வலப்பக்கம் தட்டில் இரண்டு மரை ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். அதில் திருகி முடுக்கும், துணி ஓரத்துக்குக் கரையாக நிற்கும் இரும்பு கைடு பல மெஷின்களோடு டப்பாவிலேயே வரும், தொடப்படாமல் கிடக்கும். இது நகராது, வெயில் ஒன்றும் செய்யாது. துணி தொடும் இடம் சின்னதுதான், அதனால் கைடை ஊசிக்கு நேராகவும் டேப்பை முன்னாலும் வைத்துக்கொள்வது என் வழக்கம்.

காந்த கைடு வேண்டாம். குண்டூசியையெல்லாம் இழுத்துக்கொள்ளும், இடித்தால் நகரும்.

பென்சில் கோடு போட்டு ஓட்டுத் தையலாகக் கையால் தைப்பதை மெதுவான வேலை என்று ஒதுக்கிவிட முடியாது. வளைவுக்கும், ஒரு இஞ்சைவிடச் சின்னத் துண்டுக்கும் அதைவிட நுணுக்கமானது இல்லை. எட்டு வரிசை நேர்த் தையலுக்குப் பொறுமை பத்தாது, அவ்வளவுதான்.

எதைத் தேர்ந்தாலும் ஒரு சோதனை. ஒன்றரை இஞ்ச் அகலத்தில் மூன்று பட்டைகளைப் பக்கம் பக்கமாகத் தைத்து இஸ்திரி போட்டு, நடுப்பட்டையை அளந்து பாருங்கள். சரியாக ஒரு இஞ்ச் இருந்தால் போர்வைத் துணியில் கைவைக்கலாம். கூடினால் டேப்பை ஊசிக்கு எதிர்ப்பக்கம் மயிரிழை தள்ளுங்கள், குறைந்தால் ஊசிப் பக்கம். முடிவை ஒரு பட்டையில் தீர்மானிக்காமல் மூன்று முறை தைத்துப் பாருங்கள். ஃபுட்டில் எனக்கு மூன்றும் மூன்று அளவு, டேப்பில் மூன்றும் ஒன்றே.

புதுத் துணியை முதலில் அலசி, சோற்றுக் கஞ்சியை வடிகட்டித் தண்ணீர்விட்டு நீர்க்கக் கரைத்து, அதில் முக்கிக் காயவைத்து வெட்டினால் ஓரம் விறைப்பாக நின்று கரையோடு ஓடும். அதற்குப் பிறகும் நடுப்பட்டை குறைந்தால் மெஷினைத் திருத்தும் முன் இஸ்திரிப் பெட்டியைப் பாருங்கள். தையலோரம் முழுக்க விரியாமல், உள்ளே ஒரு மெல்லிய மடிப்பு ஒளிந்திருக்கும். துணியை இழுக்காமல், பெட்டியைத் தூக்கித் தூக்கி வைத்து அழுத்தினால் அது விரிந்துவிடும்.