மொபில் 1 இ.எஸ்.பி. 5டபிள்யூ-30: எந்த வண்டிக்கு ஏற்றது?

டி.பி.எஃப். (புகையில் வரும் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) பொருத்திய டீசல் கார் வைத்திருப்பவர்கள், மேனுவல் சி3 ஆயில் கேட்டால், தயங்காமல் வாங்கலாம். இது ஏ.சி.இ.ஏ. (ஐரோப்பிய கார் தயாரிப்பாளர் சங்கம்) வகுத்த சி3 வகை என்ஜின் ஆயில். ஆயில் எரிந்தால் மிஞ்சும் சல்ஃபேட் சாம்பல் 0.8 சதவீதத்துக்கு மேல் இல்லாததால் டி.பி.எஃப். சீக்கிரம் அடைபடாது. ஃபோக்ஸ்வாகன் 507 00 தரம் கேட்கும் டி.டி.ஐ. டீசல் என்ஜின்களுக்கும் ஒப்புதல் உண்டு.

நம் ஊர் வெயிலுக்குக் கெட்டியான ஆயில்தான் நல்லது என்று மெக்கானிக் 20டபிள்யூ-50 ஊற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். என்ஜினுக்குள் ஆயில் ஏறக்குறைய 100 டிகிரியில்தான் வேலை செய்கிறது. வெளி வெயிலால் அது பெரிதாக மாறாது. அந்தச் சூட்டில், பெயர் '30' என்று முடியும் ஆயிலின் பாகுநிலை (கெட்டித்தன்மை) 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் வரை இருக்கும். சி3 ஆயில் என்பதால் 150 டிகிரியில், பாகங்கள் வேகமாக உரசி ஓடும் நிலையிலும் பாகுநிலை 3.5 மில்லிபாஸ்கல்-விநாடிக்குக் குறையாது. பேரிங்கைக் காக்க இந்த எண்தான் முக்கியம்.

மேனுவலில் 0டபிள்யூ-16 அல்லது 0டபிள்யூ-20 என்று போட்டிருக்கும் பெட்ரோல் கார்களுக்கு இது வேண்டாம். மைலேஜ் குறையும், விலையும் வீண்.

ஆயில் மாற்றும்போது ஆயில் ஃபில்டரையும் டிரெயின் போல்ட் வாஷரையும் சேர்த்தே மாற்றுங்கள். மேனுவல் சொல்லும் அளவுக்கு அரை லிட்டர் குறைவாக ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பார்த்து நிரப்புங்கள். குட்டிப் பயணம் மட்டுமே போகும் டீசல் காரில் ஆயில் மட்டம் தானாக ஏறினால் டீசல் கலந்திருக்கிறது. அப்போது எவ்வளவு உயர்ந்த ஆயிலும் நீர்த்துவிடும், கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் மாற்றிவிட வேண்டும்.