ரொட்டி சானாயா, தோசையா? முகப்பரு உள்ள பிள்ளைக்கு எந்தப் பசியாறல் நல்லது

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்துப் பட்டணங்களில் பிள்ளைகளின் காலைப் பசியாறல் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: கடையில் ரொட்டி சானாயும் (மைதாவில் சுடும் பரோட்டா) தே தாரிக்கும் (டின் பால் ஊற்றி ஆற்றிய தேநீர்), அல்லது வீட்டில் தோசையும் பருப்புச் சாம்பாரும். முகப்பரு உள்ள பிள்ளைக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

பாட்டிமார்கள் ரொட்டியின் எண்ணெயைத் திட்டுவார்கள். எண்ணெயைவிட மைதாவும் சீனியும்தான் கவனிக்க வேண்டியவை. இரண்டும் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும். கூடவே இன்சுலினும் ஏறி, தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டிவிடும். தே தாரிக்குக்கு ஊற்றும் டின் பால், அதாவது இனிப்பான கெட்டிப் பால், கரண்டியிலிருந்து நூலாக இறங்குகிறதே, அதில் ஏறக்குறைய பாதி சீனி. 2007ல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், ரத்தச் சர்க்கரையை மெல்ல ஏற்றும் உணவை 12 வாரம் சாப்பிட்ட இளைஞர்களுக்கு, மற்றவர்களைவிடப் பரு அதிகமாகக் குறைந்தது.

தோசையும் அரிசிதான், அதை மறைக்கக் கூடாது. வெறும் சட்னியோடு நாலைந்து தின்றால் பெரிய வித்தியாசம் இருக்காது. சாம்பாரில் பருப்பும் முருங்கைக்கீரையும் தாராளமாக இருக்க வேண்டும். அவித்த பச்சைப்பயறு இன்னும் நல்லது; விடியுமுன் பால்மரம் (ரப்பர் மரம்) சீவப் போகும் அம்மா முதல் நாள் இரவே அவித்து வைத்துவிடலாம்.

கடையில்தான் சாப்பிட வேண்டுமென்றால், ரொட்டி ஒன்றோடு நிறுத்தி, பருப்புக்குழம்பை நிறைய ஊற்றச் சொல்லுங்கள். குடிக்க, சீனியும் பாலும் இல்லாத தே ஓ கொசோங். பரு சீழ் வைத்துத் தழும்பு விழுந்தால் உணவை மட்டும் நம்பாமல் கிளினிக்குக்குப் போங்கள்.