பெண் வேட்பாளருக்கு நோட்டீஸ் அடிக்க: வேலூர் அச்சகங்கள் எப்படி?

ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டால் அணைக்கட்டு, கணியம்பாடி பக்கத்து ஊர்க்காரர்கள் நோட்டீஸ் அடிக்க வருவது வேலூருக்குத்தான். அச்சுத் தரத்தில் குறையில்லை. வடிவமைப்பில்தான் கோட்டை விடுகிறார்கள்.

கேட்காமலே கணவர் படத்தைப் பெரிதாகவும் வேட்பாளர் படத்தை ஓரத்திலும் வைப்பார்கள். இதில் ஓட்டர்கள் இரண்டு பக்கம். "அவரைத்தான் தெரியும், அந்தம்மா கையெழுத்து போட்டா போதும்" என்பது டீக்கடை பெஞ்சு. "நிக்கிறது யாரு, அவரா அவளா?" என்பது மகளிர் குழு. குழுப் பெண்கள் வீடு வீடாகப் பேசுகிறவர்கள். வேட்பாளர் படத்தைத்தான் பெரிதாக வைக்கச் சொல்லுங்கள்.

சின்னம் கிடைப்பது வேட்புமனு வாபஸ் முடிந்த பிறகுதான். அதனால் சின்னத்துக்கு இடம் விட்டு டிசைனை முன்பே முடித்து வையுங்கள். பெயரும் இனிஷியலும் வாக்குச்சீட்டில் வருவதுபோலவே இருக்கட்டும். அப்பா இனிஷியலா, கணவர் இனிஷியலா என்ற குழப்பம் இங்கே சகஜம். வாட்ஸ்அப்பில் அனுப்பும் யூனிகோடு எழுத்து, பழைய எழுத்துருவில் ஓடும் கணினியில் உடைந்துவிடும். புரூப்பை, அதாவது சரிபார்க்கும் நகலை, தாளில் எடுத்துப் படியுங்கள்.

ஆயிரத்துக்கு மேல் என்றால் ஆஃப்செட் (தகடு செய்து அடிப்பது), 200 போதும் என்றால் டிஜிட்டல் (கணினியிலிருந்து நேராக அடிப்பது). மை காயுமுன் கட்டுக் கட்டினால் மேலே உள்ள தாளின் பின்பக்கம் மை ஒட்டும். அச்சகத்தின் பெயர் இல்லாத நோட்டீஸை வாங்காதீர்கள். செலவுக் கணக்குக்குப் பில்லும் முக்கியம்: 2021 உள்ளாட்சித் தேர்தலில் ஊராட்சித் தலைவர் வேட்பாளர் செலவு வரம்பே 34,000 ரூபாய்தான்.